ஜாமீன் கையெழுத்துக்கு முன்னால ஒரு வார்த்தை, மாப்ளே

வா மாப்ளே, உக்காரு. உடுமலையில கடை பாத்துட்டயாமா? டீக்கடைன்னு சொன்னா உனக்குக் கோவம் வருதாமா, பிராஞ்சைசுன்னு சொல்லோணுமாமா. சரி, சொல்லீர்றேன். டெபாசிட்டு நீ கட்டோணும், உள்வேலைக்கு அவங்க காட்டற ஆளைத்தான் வெக்கோணும், கப்புல இருந்து கரண்டி வரைக்கும் அவங்ககிட்டயே வாங்கோணும், விக்கற காசுல ராயல்ட்டியும் குடுக்கோணும். சொந்தக் காசுல அடுத்தவன் பேரைப் போர்டுல எழுதி மாட்டறதுக்கு எவ்வளவு பெரிய மனசு உனக்கு!

"நம்மளைக் குடும்பமாட்டம் பாக்கறாங்க மாமா"ங்கறே. நானும் உங்கம்மாவும் மத்தவங்களும் சொத்துப் பிரிச்சப்ப நீ தொட்டில்ல கெடந்தே. அதான் குடும்பம்னா இவ்வளவு நம்பறே.

இது நம்ம பக்கத்துக்குப் புதுசில்ல, கண்ணு. 1984ல உடுமலையில அண்ணன் தம்பி ரெண்டு பேரு கோழித் தொழிலுக்கு வந்தாங்க. அதுதான் பின்னால சுகுணான்னு ஆச்சு. விலை விழுந்து பண்ணைக்காரங்க கடனைக் கட்ட முடியாம நின்னப்ப அவங்க ஒரு வழி கண்டாங்க: குஞ்சும் தீவனமும் மருந்தும் நாங்க தர்றோம், கொட்டாயும் தண்ணியும் கரண்டும் பாடும் உங்களுது, வளத்துக் குடுங்க, கிலோவுக்கு இவ்வளவுன்னு கூலி. 1990கள்ல மூணே பண்ணைக்காரங்களோட ஆரம்பிச்சது. பொறகு பல கம்பெனி வந்து, பல்லடம் உடுமலைன்னு எங்க பாத்தாலும் கொட்டாயாச்சு. சந்தை விலை விழுந்தாலும் வளக்கறவன் கூலி நிக்கும். இதுல நல்லது இல்லைன்னு சொன்னா என்ற நாக்கு அழுகிப்போகும்.

ஆனா கொட்டாய்க்குள்ள வந்து பாரு. தேங்காய் மஞ்சி பரப்பி, படுதா கட்டி, பல்பு போட்டு, ஒரு நாள் குஞ்சை எறக்கி, நாப்பது நாளைக்கு மேல தூக்கம் கெட்டு வளக்கறோம். கோழி பிடிக்கற வண்டி ராத்திரியிலதான் வரும். தராசுகிட்ட டார்ச்சடிச்சுட்டு நோட்டுல எழுதீட்டு நிப்போம். தின்ன தீவனத்துக்கு எடை வரலைன்னா கூலி கொறையும். தீவனம் சரியா, குஞ்சு சரியான்னு கேட்டா சூப்பர்வைசர் சிரிப்பாரு. இது எல்லாத்தையும் பொறுத்துக்கலாம். அடுத்த குஞ்சு எப்பங்கன்னு கேட்டா, "பாக்கலாங்க"ம்பாரு பாரு, அங்கதான் இருக்குது சூட்சுமம். கோழி அவங்களுது, எங்க வேணாப் போகும். கொட்டாய் உன்றது, பேங்குக் கடனோட அங்கயேதான் நிக்கும். அந்த யாவாரத்துல ஒருத்தனும் பங்கு கேக்காம முழுசா நமக்கு வர்றது கோழி எரு ஒண்ணுதான். அதுவும் தென்னைக்கு ஆகும், வேண்டாங்கல.

நம்பிக்கைங்கறது லாபத்துல தெரியாது மாப்ளே. பால் திரிஞ்ச அன்னைக்கு, சரக்குத் தேங்கின அன்னைக்கு, அந்த நட்டம் யார் கணக்குல ஏறுதோ அங்க தெரியும். உறுதியும் அப்படித்தான். போனா எடுத்துட்டுப் போக முடியாதபடி யாரு எவ்வளவு போட்டிருக்கான்னு பாரு. நீ டைல்ஸ் ஒட்டியிருக்கே. அவங்க ஸ்டிக்கர் ஒட்டியிருக்காங்க.

நம்ம கொமரலிங்கம் வாய்க்காலையே எடுத்துக்கோ. அமராவதியோட பழைய எட்டு ராஜவாய்க்கால்ல ஒண்ணு. மேமடைக்காரன் முறை தப்பித் தண்ணி கட்டினான்னா, பொழுதுக்கும் அவன் நம்ம வரப்புலதான் நடக்கோணும். அவன் பொண்ணைக் கட்டிக் குடுத்த வீடு கடைமடையில இருக்கும். அதனால அவன் யோக்கியன். உன்ற கம்பெனி மேனேஜர் எந்த வரப்புல வருவாரு? அடுத்த வருசம் வேற மேனேஜர் வருவாரு, "அவரு சொன்னது எனக்குத் தெரியாதுங்க"ம்பாரு.

பெரிய பணக்காரனா இருந்தா தப்பிச்சுக்கலாம்னு பாக்கறயா? டெல்லியில விக்ரம் பக்‌ஷி 1995ல மெக்டொனால்ட்ஸோட பாதிக்குப் பாதி கூட்டுச் சேந்தாரு. 2013ல மேனேஜிங் டைரக்டர் நாற்காலி போச்சு. தீர்ப்பாயத்துக்குப் போயி 2017ல நாற்காலி திரும்பக் கிடைச்சுது. அடுத்த மாசமே 169 கடைக்கு ஒப்பந்தம் ரத்துன்னாங்க. 2019ல பங்கை அவங்களுக்கே குடுத்துட்டு வெளிய வந்தாரு. கோர்ட்டுக்கு நடக்க அவருக்குக் காருமிருந்துது, வக்கீலுமிருந்தாரு. உனக்கு மொபெட்டு இருக்குது.

சட்டம் இருக்குதேங்காத. பண்ணை ஒப்பந்தத்துக்குன்னு தமிழ்நாட்டுல 2019ல தனிச் சட்டமே வந்துது. பிராஞ்சைசுக்குன்னு இந்த நாட்டுல தனிச் சட்டம் கிடையாது. 1872ல வெள்ளைக்காரன் போட்ட ஒப்பந்தச் சட்டந்தான் உனக்குத் தொணை. அதனால பேப்பர்ல எழுதினதுதான் பேச்சு, காப்பி குடிச்சுட்டே பேசினது காப்பியோட போச்சு.

கடை வெக்காதன்னு நான் சொல்லல. மூணு வரி எழுதி வாங்கு. விக்காத சரக்கைத் திரும்ப எடுத்துக்குவாங்களா? பக்கத்துத் தெருவுல இன்னொருத்தனுக்கு இதே போர்டைக் குடுக்க மாட்டாங்களா? அவங்களா ஒப்பந்தத்தை முறிச்சா டெபாசிட்டு எத்தனை நாள்ல வரும்? கேட்டவொடனே மேனேஜர் மூஞ்சி சுண்டுச்சுன்னா, கும்பிட்டுட்டு வந்து சொந்தப் பேருலயே அடுப்பை மூட்டு. உன்ற அத்தை போடற சுக்குக் காப்பிக்கு ராயல்ட்டி கெடையாது.

பேங்குக்கு ஜாமீன் கையெழுத்துப் போடோணும்னுதானே வந்தே? எனக்கு உன்ற மேலயும் நம்பிக்கை, உன்ற கம்பெனி மேலயும் நம்பிக்கை. அந்த மூணு வரியில அவங்க கையெழுத்துப் போடட்டும். மை காயறதுக்குள்ள நான் போடறேன்.