நட்சத்திர ஆட்டக்காரரை விற்பது எப்படி?

தொடர்ந்து தோற்கும் டீமை வைத்துக்கொண்டு தூக்கம் வராமல் புரளும் கேப்டன்களுக்கும், பால் வாங்கக் காசு கொடுத்துவிட்டு வருஷக்கணக்கில் பன்னிரண்டாவது ஆளாகவே உட்கார்ந்திருக்கும் அண்ணன்மார்களுக்கும் இந்த வழிகாட்டி. கோவில்பதாகை ஏரிப் பக்கம் ஞாயிற்றுக்கிழமை டென்னிஸ் பால் ஆடும் டீமுக்கும் இது பொருந்தும், சேப்பாக்கத்தில் கோடிகளில் ஆடும் டீமுக்கும் பொருந்தும். வித்தியாசம் பணத்தில்தான், புலம்பலில் இல்லை.

விஷயம் இதுதான். டீம் தோற்கிறது. நன்றாக ஆடுகிறவர் ஒருவரோ இருவரோ இருக்கிறார்கள். அவர்களை இன்னொரு டீமுக்குத் தள்ளிவிட்டு, நாளைக்கு நன்றாக வருவான் என்று சொல்லப்படும் பொடிப்பசங்களை வாங்கலாமா? அமெரிக்காவின் பேஸ்பால்காரர்கள் ஒவ்வொரு வருஷமும் ஜூலை கடைசி வாக்கில் இதை ஒரு திருவிழாவாகவே நடத்துகிறார்கள். நம்மூரில் 2025 நவம்பர் 15 அன்று சென்னை சூப்பர் கிங்ஸ், ரவீந்திர ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தான் ராயல்ஸுக்குக் கொடுத்து சஞ்சு சாம்சனை வாங்கியது. அன்று முதல் ஆவடி ஸ்டேஷன் வாசலில் ஷேர் ஆட்டோ ஏறுகிற எல்லோருமே டீம் மேனேஜர்தான். ஆட்டோ நிறைவதற்குள் இரண்டு டிரேட் முடிந்துவிடுகிறது.

முதலில், ஒழுங்காகத் தோற்றிருக்கிறீர்களா என்று பாருங்கள். சும்மா நாலு மேட்ச் தோற்றதற்கெல்லாம் ஆளை விற்கக் கூடாது. 2022இல் சென்னை 14 ஆட்டங்களில் 4 வென்று, பத்து டீமில் ஒன்பதாவதாக வந்தது. 2025இலும் 14இல் 4தான், பத்தாவது இடம். புள்ளிகளும் அதே 8. முதல் தடவை யாரையும் பெரிதாக விற்கவில்லை, அடுத்த வருஷம் கோப்பை வந்தது. அகமதாபாத் இறுதிப் போட்டியில் மோகித் சர்மா வீசிய கடைசி இரண்டு பந்துகளில் ஒரு சிக்ஸர், ஒரு ஃபோர் அடித்து அந்தக் கோப்பையை வாங்கிக் கொடுத்தவர் யார் என்று தெரியும்தானே? இரண்டாவது தடவை அதே நாலு வெற்றிக்கு அவரையே அனுப்பிவிட்டார்கள். ஆகவே, புள்ளிப்பட்டியலைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். எப்படித் தோற்றீர்கள் என்று பாருங்கள். 2025இல் சேப்பாக்கத்தில் மும்பையை வென்றதோடு சரி. அதன் பிறகு பெங்களூரு, டெல்லி, கொல்கத்தா, ஹைதராபாத், பஞ்சாப் என்று வந்தவர்கள் எல்லோரும் வரிசையாக அடித்துவிட்டுப் போனார்கள். பெங்களூரு அங்கே ஜெயித்தது 2008க்குப் பிறகு அப்போதுதான். சொந்த மண்ணில் வருகிறவன் போகிறவன் எல்லாம் ஜெயித்தால் அது கெட்ட நேரம் இல்லை, கெட்ட டீம். கோவில்பதாகை அளவுகோலில் சொன்னால், ஏரி நிரம்பி மைதானம் பாதியாகச் சுருங்கி, எந்தப் பக்கம் பந்து தண்ணீரில் விழும் என்று உங்களுக்கு மட்டுமே தெரிந்த நிலையிலும் வெள்ளானூர்ப் பசங்களிடம் தோற்றால், அப்போது விற்பனையைப் பற்றி யோசிக்கலாம்.

அடுத்து, விற்கக் கூடாதவர் பட்டியல் தயார் செய்யுங்கள். சென்னைக்கு இந்தப் பட்டியல் ஒரே வரி. 2025 சீசனுக்கு மகேந்திர சிங் தோனியை 4 கோடிக்குத் தக்க வைத்தது எந்தப் பிரிவில் தெரியுமா? இந்தியாவுக்கு ஆடாதவர் பிரிவில். கடைசி சர்வதேச ஆட்டம் முடிந்து ஐந்து வருஷம் ஆகியிருந்தால் போதும், அவர் புதுமுகக் கணக்கில் வருவார் என்று விதி. இரண்டு உலகக்கோப்பை வாங்கிய 43 வயது கேப்டன், சட்டப்படி பதினேழு வயசுப் பையனோடு ஒரே வரிசை. உங்கள் டீமிலும் இப்படி ஒருவர் இருப்பார். பேட் அவருடையது, ஸ்டம்பு அவருடையது, அவர் வீட்டு மொட்டை மாடியில்தான் கிட் பேக் இருக்கிறது. அவருக்கு ரன் வருகிறதா என்று யாரும் கேட்க வேண்டாம்.

இனி யாரை விற்பது? வயதை மட்டும் பார்த்தால் சுலபம். டிரேட் நடந்தபோது ஜடேஜாவுக்கு 37 முடிய மூன்று வாரம் பாக்கி. சாம்சன் அப்போதுதான் 31 முடித்திருந்தார். ஆனால் விலையைப் பாருங்கள். ஜடேஜாவின் சம்பளம் 18 கோடியிலிருந்து 14 ஆனது. அதன் மேல் 2.4 கோடி சாம் கரன். அந்தப் பக்கத்திலிருந்து வந்த சாம்சன் 18 கோடி. கோவில்பதாகையில் கோடி புழங்காவிட்டாலும் பேரம் இப்படித்தான் நடக்கும். ஒரு லெஃப்ட் ஹேண்டரைக் கொடுத்தால் இரண்டு காலேஜ் பசங்களும் ஒரு ஜோடி கீப்பிங் கிளவுஸும் கேளுங்கள். கிளவுஸை முதலில் கைக்கு வாங்கிக்கொள்ளுங்கள், பசங்க மனசு மாறலாம்.

சம்பந்தப்பட்டவரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள். ஐபிஎல் விதியே அப்படித்தான், ஆட்டக்காரர் சம்மதிக்காமல் டிரேட் கிடையாது. அவரே தனியாகப் போய் வேறு டீமோடு பேசினால் மட்டும் தப்பு. இதை ஜடேஜாவைவிட நன்றாக அறிந்தவர் யாரும் இல்லை. 2008இல் கோப்பை வென்ற ராஜஸ்தான் டீமில் அவர் பொடிப்பையன். 2010இல் ராஜஸ்தானை விட்டு வேறு டீமுக்குப் போகத் தானே பேச்சுவார்த்தை நடத்தினார் என்று அந்த சீசன் முழுக்கத் தடை போட்டார்கள். 2012இல் 20 லட்சம் டாலருக்குச் சென்னை வாங்கியது. பதினைந்து வருஷம் முன்பு எந்த டீமை விட்டுப் போக முயன்றதற்காகத் தண்டனை வாங்கினாரோ, அதே டீமுக்குத்தான் இப்போது முறைப்படி, கையெழுத்துப் போட்டு, திரும்பிப் போயிருக்கிறார். உங்கள் ஆளும் என்றைக்காவது திரும்பி வருவார். வாசலில் சண்டை போட்டு அனுப்பாதீர்கள்.

பொடிப்பசங்களை வாங்கும் கட்டத்துக்கு வருவோம். இங்கேதான் கை நடுங்க வேண்டும். 2025 டிசம்பர் 16, அபுதாபி ஏலம். சென்னையின் பையில் 43.40 கோடி. உத்தரப் பிரதேசத்து பிரசாந்த் வீர், வயது 20, ஆரம்ப விலை 30 லட்சம். ராஜஸ்தானின் கார்த்திக் சர்மா, வயது 19, அவருக்கும் 30 லட்சம். ஆளுக்கு 14.20 கோடி கொடுத்து இருவரையும் வாங்கியது சென்னை. இந்தியாவுக்கு ஆடாத யாருக்கும் அதுவரை அப்படி ஒரு விலை வந்ததில்லை. கையில் இருந்ததில் மூன்றில் இரண்டு பங்கு இரண்டு பையன்களுக்கே போய்விட்டது. இடதுகைச் சுழல், கீழே வந்து அடி, ஃபீல்டிங் என்று பிரசாந்த் வீரைப் பற்றிப் படித்தால் எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கும். ஜடேஜாவின் வேலைக்கு ஜடேஜாவின் புதுச் சம்பளத்தைவிட 20 லட்சம் கூடுதலாகக் கொடுத்து ஆள் எடுத்திருக்கிறார்கள். இதற்குப் பெயர்தான் மறுசீரமைப்பு.

இன்னொரு வேடிக்கை, அதே ஏலத்துக்கு முன் சென்னை மதீஷா பதிரனாவை விடுவித்தது. அவருக்கு அப்போது 22 வயது. 2022இல் ஆடம் மில்ன் காயத்தால் விலக, மாற்று ஆளாக வந்தவர். 2023 கோப்பையில் 19 விக்கெட். வாங்க வேண்டிய பொடிப்பையன் எப்படி இருப்பான் என்று கேட்டால் அவரைத்தான் காட்ட வேண்டும், வளர்த்தும் ஆயிற்று. காயம், ஃபார்ம் எல்லாம் ஒரு காரணம்தான், ஒப்புக்கொள்கிறேன். கொல்கத்தா 18 கோடி கொடுத்து எடுத்துக்கொண்டது. கோவில்பதாகைக் கேப்டன்கள் இதைச் சுவரில் எழுதி வைக்கலாம்: பையனைத் தேடி ஊர் ஊராகப் போகுமுன், உங்கள் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பையனுக்கு என்ன வயது என்று பாருங்கள்.

இப்போது, மற்ற வழிகாட்டிகள் சொல்லாமல் விட்டுவிடும் கேள்வி. வாங்கிய பையன் எத்தனை வருஷம் உங்களோடு இருப்பான்?

பேஸ்பாலில் இதற்கு விடை உண்டு. மேஜர் லீக்கில் ஏறிய பிறகு ஏறக்குறைய ஆறு சீசன் பையன் அந்த டீமின் பிடியிலேயே இருப்பான். அதனால்தான் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் கூச்சமில்லாமல் எல்லாவற்றையும் விற்றது. 2011இல் 106 தோல்வி, 2012இல் 107, 2013இல் 162 ஆட்டங்களில் 111 தோல்வி. கடைசியில் வந்ததற்குப் பரிசாகப் புதுப் பசங்களில் முதல் ஆளைத் தேர்ந்தெடுக்கும் உரிமை. 2017இல் சாம்பியன். (எதிரணி கேட்சரின் சைகையைக் கேமராவில் பார்த்து, குப்பைத் தொட்டியைத் தட்டித் தட்டித் தங்கள் பேட்ஸ்மேனுக்குச் சொன்னார்கள் என்பது பிறகு வெளியே வந்து, 50 லட்சம் டாலர் அபராதம் கட்டினார்கள். அது வேறு வழிகாட்டிக்கான விஷயம்.) எல்லோருக்கும் இப்படிப் பலிப்பதில்லை. பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் 1993 முதல் 2012 வரை இருபது வருஷம் தொடர்ந்து வெற்றியைவிடத் தோல்வியே அதிகமாகக் கண்டது. அந்த ஊரில் பிறந்த குழந்தை காலேஜ் போகும்வரை ‘டீம் வளர்கிறது’ என்றே கேட்டு வளர்ந்திருக்கும்.

ஐபிஎல்லில் கடைசியில் வந்தால் எந்தப் பரிசும் இல்லை. பத்தாவதாக வந்ததற்காக யாரும் ஏலத்தில் முதல் கை தூக்கும் உரிமை தருவதில்லை. அதற்கு மேல், மூன்று நான்கு வருஷத்துக்கு ஒருமுறை பெரிய ஏலம் வந்து, வளர்த்ததையெல்லாம் கலைத்துப் போடுகிறது. டெல்லியைக் கேளுங்கள். 2013, 2014 இரண்டு வருஷமும் கடைசி. 2015இல் ஷ்ரேயஸ் ஐயர், 2016இல் ரிஷப் பந்த் என்று பசங்களாகப் பார்த்து எடுத்தது. 2018இலும் கடைசி இடம், ஆனாலும் பொறுமை. 2020இல் ஷ்ரேயஸ் தலைமையில் இறுதிப் போட்டி வரை போனது. பிறகு? 2022 பெரிய ஏலத்தில் ஷ்ரேயஸ் கொல்கத்தாவுக்கு. 2024இல் அங்கே கோப்பை தூக்கினார். அடுத்த பெரிய ஏலத்தில் அவர் 26.75 கோடிக்குப் பஞ்சாப், பந்த் 27 கோடிக்கு லக்னோ. 2025இல் பஞ்சாபை இறுதிப் போட்டிவரை கொண்டுபோனார் ஷ்ரேயஸ். தண்ணீர் ஊற்றியது டெல்லி, பறித்துக்கொண்டு போனது மற்றவர்கள்.

கோவில்பதாகையிலும் இதே கதைதான், ஏலத்துக்குப் பதில் வாழ்க்கை. பிளஸ் டூ பையனை எடுத்து, யார்க்கர் சொல்லிக் கொடுத்து, வளைந்து வளைந்து வந்த கையை நேராக்கி, ரெண்டு வருஷத்தில் ஆளாக்குவீர்கள். ஒருநாள் வந்து, “அண்ணா, ஸ்ரீபெரும்புதூர்ல வேலை கெடச்சிருக்கு, ஷிப்ட்டு. சண்டே லீவு கெடையாதுண்ணா” என்பான். வாழ்த்தி அனுப்ப வேண்டியதுதான். அல்லது டேங்க் ஃபேக்டரி அப்ரண்டிஸாகச் சேர்ந்து, அங்கே இருக்கும் டீமுக்கு ஆடப் போவான். அதுவும் இல்லையென்றால், வீட்டைக் காலி செய்துவிட்டுக் குடும்பமே திருநின்றவூர்ப் பக்கம் போகும். அப்புறம் ஆதார் அட்டையில் முகவரி பார்த்து ஏரியா பசங்களை மட்டும் சேர்க்கும் டோர்னமென்டில் அவன் உங்களுக்கு ஆட முடியாது. எதிர் டீமில் ஆடுவான்.

ஆகவே என் தீர்ப்பு: பையனை வைத்துக்கொள்ள வழி இல்லாத இடத்தில், பையனுக்காக நட்சத்திரத்தை விற்பது நஷ்டக் கணக்கு. விற்றே ஆக வேண்டுமென்றால் இப்போதே ஆடத் தெரிந்த ஆளுக்காக விற்றுவிடுங்கள். அந்த வகையில் சாம்சனை வாங்கியது சரி. இரண்டு 14.20 கோடிகளைப் பற்றி அவ்வளவு தைரியமாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பையன்கள் வேண்டுமென்றால் மலிவான வழி ஒன்று இருக்கிறது. செத்த மேட்ச். 2020இல் சென்னை பாதாளத்துக்குப் போய்க்கொண்டிருந்தபோது, இளைஞர்களிடம் பொறி தெரியவில்லை என்கிற அர்த்தத்தில் தோனி பேசி, ஊரே திட்டித் தீர்த்தது. இனி ஒன்றும் ஆகாது என்ற நிலை வந்ததும், 20 லட்சத்துக்கு எடுத்த ருதுராஜ் கெய்க்வாட்டைத் தொடக்கத்தில் இறக்கினார்கள். கடைசி மூன்று ஆட்டங்களில் 65, 72, 62. அடுத்த வருஷம் 635 ரன்னோடு ஆரஞ்சுத் தொப்பி, டீமுக்குக் கோப்பை. 2025இல் அதே ருதுராஜ் முழங்கை உடைந்து வெளியேற, 30 லட்சத்துக்கு மாற்றாக வந்தார் 17 வயது ஆயுஷ் மாத்ரே. ஏழு ஆட்டத்தில் 240 ரன், பெங்களூருக்கு எதிராக 48 பந்தில் 94. யாரையும் விற்கவில்லை, யாருக்கும் போஸ்டர் அடிக்கவில்லை. தோற்றுப்போன சீசன்தான் அந்த இடத்தைக் கொடுத்தது. உங்கள் டீமும் டோர்னமென்டை விட்டு வெளியே வந்த அன்றைக்கு, வீட்டுக்குப் போகாமல், மீதி இருக்கிற மேட்சில் ஒன்பதாவது கிளாஸ் பையனை ஓப்பனிங் அனுப்புங்கள். அவன் டக் அடித்தாலும் கணக்கில் எந்த மாற்றமும் வராது.

இவ்வளவு சொல்லியும் விற்றே தீருவேன் என்கிறவர்களுக்கு, ரசிகர்களைச் சமாளிக்கும் முறை. நன்றி என்று பெரிதாக ஒரு போஸ்டர், மஞ்சள் பின்னணி, ஜடேஜாவின் 8ஆம் நம்பர் தெரிகிற மாதிரி முதுகைக் காட்டும் படம். திட்டு வரும். கவலை வேண்டாம், அதில் பாதிப் பேர், தோனி உள்ளே வர வேண்டும் என்பதற்காக ஜடேஜா அவுட் ஆகட்டும் என்று வேண்டிக்கொண்டவர்கள்தான். ஜடேஜாவே 2023இல் அதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். 8ஆம் நம்பர் சட்டை போட்டுக்கொண்டு ஏரிக்கரையில் சுற்றும் பையனிடம் மட்டும் கொஞ்ச நாள் எதுவும் பேச வேண்டாம்.

கடைசியாக, விற்ற ஆள் உங்களுக்கு எதிராக ஆட வருவார். வராமல் இருக்க மாட்டார். அவர் எங்கே அடிப்பார் என்று ஊரில் வேறு யாரையும்விட உங்களுக்குத்தான் தெரியும். லெக் சைடில் ஏரிப் பக்கம் இரண்டு பேரை நிறுத்துங்கள். அதில் ஒருவருக்காவது நீச்சல் தெரிந்திருக்கட்டும். பால் நீங்கள் வாங்கியது.