ஜெனரேட்டரைப் பழுது பார்க்க வேண்டாம்

அனுப்புநர்:
பதிவு எண் 047
(பெயர் தேவைப்படாது, மூன்று ஆண்டுகளாக யாரும் கேட்டதில்லை),
மூன்றாம் ஆண்டு ஈசிஇ, ஆண்கள் விடுதி.

பெறுநர்:
உயர்திரு தலைவர் அவர்கள்,
மாணவர் மகிழ்ச்சி மற்றும் நல்வாழ்வுக் குழு,
நமது பொறியியல் கல்லூரி.

பொருள்: மகிழ்ச்சியாக இருத்தல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

தாங்கள் அனுப்பிய மகிழ்ச்சிப் படிவத்தைப் பூர்த்தி செய்துவிட்டேன். படிவம் தராதவர்களுக்கு ஹால்டிக்கெட் கிடையாது என்றதுமே மகிழ்ச்சி பொங்கிவிட்டது. 'கல்லூரியில் மகிழ்ச்சியாக இருக்கிறீர்களா?' என்ற கேள்விக்கு 'ஆம்', 'மிகவும் ஆம்' என்று இரண்டு விடைகள் கொடுத்திருந்தீர்கள். இன்டர்னல் மார்க் இன்னும் போடவில்லை என்பதால் இரண்டாவதை டிக் செய்தேன்.

மாணவர்களின் உடல்நலம், மனநலம் பற்றி யுஜிசி 2023-ல் வழிகாட்டுதல் வெளியிட்டது. நூறு பேரோ அதற்கு மேலோ படிக்கும் இடத்தில் தகுதியுள்ள ஆலோசகர் ஒருவராவது வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் சொன்னது. நாமும் சும்மா இருக்கவில்லை; 'மனநல ஆலோசனை மையம்' என்று பலகை மாட்டிவிட்டோம். சாவி பி.டி. சாரிடம். கல்லூரியின் தரத்தை மதிப்பிட நாக் குழு வந்த அன்று கதவு திறந்திருந்ததால் எட்டிப் பார்த்தேன். கால் உடைந்த நான்கு பெஞ்சுகள், போன ஆயுதபூஜைத் தோரணம், சுவரில் 'மனம் விட்டுப் பேசுங்கள்' போஸ்டர். ஆலோசகர் பொறுப்பு எம்-3 கணிதம் எடுத்த மேடத்துக்கு. எங்கள் மனவருத்தத்தில் பாதி எம்-3 அரியர்தான் என்பதால் பொருத்தமான நியமனம்.

ஞாயிற்றுக்கிழமை காலை 'மன அழுத்தத்தைக் குறைப்பது எப்படி?' செமினார் நடத்தினீர்கள். வருகைப் பதிவு இரண்டு முறை. ஏழு மணி நேரமாவது தூங்குங்கள் என்றார் பேச்சாளர். ஸ்டடி ஹவர் முடிவது இரவு 11 மணி. யோகாவுக்கு எழுப்புவது 5 மணி. நடுவில் இருக்கும் ஆறு மணி நேரத்தில் ரெக்கார்டு நோட்டும் எழுதிவிட்டு ஏழு மணி நேரம் தூங்கும் வித்தையை அடுத்த செமினாரில் சொல்லித்தர வேண்டும்.

எங்கள் விடுதிக் கதவு இரவு 9 மணிக்கு அடைபடுகிறது. பெண்கள் விடுதிக் கதவு மாலை 6 மணிக்கே. ஆக, நாள்தோறும் அவர்களுக்கு எங்களைவிட மூன்று மணி நேரம் கூடுதல் மகிழ்ச்சி.

ஐயா, இனி உண்மையைச் சொல்லிவிடுகிறேன். சென்ற செவ்வாய் இரவு கரண்ட் போனது. ஜெனரேட்டரும் இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. ஸ்டடி ஹவர் ரத்து, வைஃபை இல்லை. எல்லோரும் முற்றத்து வேப்பமரத்தடிக்கு வந்தோம். விரட்ட வந்த வார்டன் சாரும் கொஞ்ச நேரத்தில் உட்கார்ந்து, தனக்கு ஏழு அரியர் இருந்த கதையை எடுத்துவிட்டார். பக்கத்து அறைத் தென்காசிப் பையன், செமஸ்டர் ஃபீஸுக்காக அம்மா நகையை அடகு வைத்ததை அன்றுதான் வாய் திறந்து சொன்னான். இருட்டில் முகம் தெரியாததால் சொல்ல முடிந்தது. யாரும் புத்தி சொல்லவில்லை. ஒருவன் மிக்சர் பொட்டலத்தை அவன் பக்கம் தள்ளினான். எழும்போது வார்டன் என் தோளைப் பிடித்து, "உன் பேர் என்னப்பா?" என்றார்.

1938-ல் தொடங்கி எண்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஆட்களைப் பின்தொடர்ந்து ஆராய்ந்த ஹார்வர்டு பல்கலைக்கழகம், மனிதரை மகிழ்ச்சியாகவும் நலமாகவும் வைப்பதில் நல்ல உறவுகளுக்கே பெரும்பங்கு என்று கண்டது. நம் ஜெனரேட்டர் இரண்டு மணி நேரத்தில் அதைக் கண்டுபிடித்துவிட்டது.

ஆகவே, மேற்படி ஜெனரேட்டரைப் பழுது பார்க்க வேண்டாம் என்றும், வாரம் ஒரு நாள் மெயினை அணைத்து, பெண்கள் விடுதிக் கதவையும் திறந்துவிட ஆவன செய்யுமாறும் பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன். இருட்டில் வருகைப் பதிவு எடுக்க இயலாது என்பது ஒன்றே இதிலுள்ள குறை.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பதிவு எண் 047
(பெயர் வேண்டுமென்றால் வார்டன் சாரைக் கேட்கவும்.)