கடைமாவு வீட்டுமாவாகும் கணம்: தாளிப்புக் கொள்கை நோக்கில் ஓர் ஆய்வு

வீட்டுச் சமையல் எங்கே முடிகிறது, கடைச் சரக்கு எங்கே தொடங்குகிறது என்னும் வினாவைத் தமிழாய்வுலகம் இதுவரை தீண்டியதில்லை. காரணம் வெளிப்படை. மாவுப் பையின் மேல் தயாரித்த நாளும் காலாவதி நாளும் அச்சிட்டிருக்கின்றன. காலம் இப்படிப் பட்டவர்த்தனமாகத் தெரிந்துவிட்ட பொருளைப் பற்றி மூன்று நாள் கருத்தரங்கு நடத்த வழியில்லை. தொல்காப்பியச் சுவடியின் கடைசி ஓலையிலும் அப்படியொரு முத்திரை குத்தியிருந்தால் எத்தனை பேராசிரியர்கள் பதவி உயர்வின்றியே ஓய்வு பெற்றிருப்பார்கள் என்பது தனி ஆய்வுக்குரியது. காலம் பற்றிய சண்டை கிடையாது என்பதால், வகைப்பாடு பற்றிய சண்டையை இக்கட்டுரை தொடங்கி வைக்கிறது.

பையில் வந்த மாவும் பொட்டலத்தில் வந்த பொடியும் அடுக்களையின் கற்பைக் கெடுத்துவிட்டன என்பது தூயமரபினர் வாதம். இவர்களிடம் கேட்க வேண்டியது ஒன்றே: தூய்மை எந்தக் கட்டத்தில் தொடங்கியது? இட்லி அரிசி ஆலையில் அவித்துக் காயவைத்துத் தவிடு நீக்கி வருவது. உலக்கை பிடித்தவர் எவருமில்லை. குழம்பின் உயிராகிய மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி. போர்த்துகீசியர் கப்பலில் இங்கு வந்து இறங்கியது. ரசத்தின் மானம் காக்கும் பெருங்காயம் ஈரானிலிருந்தும் ஆப்கானிஸ்தானிலிருந்தும் பிசினாக வந்து, இங்கே மாவும் கோந்தும் கலந்து கூட்டுப் பெருங்காயமாக டப்பாவில் அடைபடுகிறது. அதாவது, பொட்டலச் சரக்கை வெறுப்பவர் தம் வெறுப்பை நிரூபிக்க வைக்கும் ரசத்திலேயே பொட்டலச் சரக்கு கொதிக்கிறது. வீட்டில் அரைத்த மாவு என்ற பெருமையைக் கோவை கிரைண்டரோடு பங்கிட்டுக்கொள்ள வேண்டும். 2011-இல் தமிழக அரசே மிக்சியும் கிரைண்டரும் மின்விசிறியும் விலையில்லாமல் வழங்கத் தொடங்கியதை எண்ணினால், பல்லாயிரம் வீடுகளின் இட்லி வீட்டு இட்லியா, அரசு இட்லியா என்ற சட்டச் சிக்கலும் எழுகிறது. ஆட்டுக்கல்லில் அரைத்தால்தான் ருசி என்று புலம்புவோரின் குரல் பெரும்பாலும் கூடத்திலிருந்து வருகிறதே தவிர அடுக்களையிலிருந்து வருவதில்லை. குழவி பிடித்துத் தோள்பட்டை தேய்ந்தவர்கள் அதைக் கொல்லையில் கவிழ்த்துப் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள்.

தொடக்கம் எல்லையைக் காட்டாது என்றால் முடிவு காட்ட வேண்டும். இறுதியாக அடுப்பை மூட்டியவருக்கே உணவு சொந்தம் என்ற ‘கடைத்தீக் கொள்கை’யை முதலில் பரிசீலித்தேன். அரைவேக்காட்டுப் பரோட்டாவைத் தோசைக்கல்லில் புரட்டியவர் ‘இப்பத்தான் சுட்டேன்’ என்று சொல்வது இதற்குச் சான்று (வாய்மொழி: அடுக்களை வாசற்படி, முதல் விள்ளலுக்கு முன்). ஆனால் ஓட்டல் சாம்பாரை எத்தனை முறை சுடவைத்தாலும் அது ஓட்டல் சாம்பாராகவே கிடக்கிறது. அதே சாம்பாரில் ஒரு கரண்டி எண்ணெயில் கடுகு வெடிக்கவிட்டு, கறிவேப்பிலை கிள்ளிப்போட்டுக் கொட்டினால் அது குடும்பத்தில் சேர்ந்துவிடுகிறது. இதுவே தாளிப்புக் கொள்கை. பொட்டலத்துப் புளிக்காய்ச்சலில் நிலக்கடலை தாளித்துப் போட்டவர், அது தம் பாட்டியின் கைப்பக்குவம் என்று மனச்சாட்சி உறுத்தாமல் சொல்வதும் இதனால்தான். அப்பளத்தில் தாளிப்பு ஏது என்று தடை எழுப்பலாம். எண்ணெயில் போட்டதும் அது தன்னைத்தானே தாளித்துக்கொள்வதால் ‘உள்ளுறைத் தாளிப்பு’ எனக் கொள்க. விதி பொருந்தாத இடத்தில் ஒரு கலைச்சொல்லைச் செருகி மேலே நடப்பது ஆய்வுலகில் ஒழுக்கக்கேடு ஆகாது. ஊறுகாய் விவாதத்துக்கு அப்பாற்பட்டது.

உண்மையான இடர்ப்பாடு இட்லி. அதில் தாளிப்பும் இல்லை, எண்ணெய்க் குளியலும் இல்லை. லியூகோனோஸ்டாக் முதலிய நுண்ணுயிரிகள் கரியமில வாயுவை விட்டுக்கொண்டே இருப்பதால் கடைமாவுப் பை உப்பி நிற்கிறது; ஆகவே புளிக்கவைத்த பெருமையும் வீட்டுக்கு முழுதாகச் சேராது. எனினும் விருந்தினர் கேட்டால் ‘வீட்டு மாவுதான்’ என்று விடை வருகிறது. இங்கே செயல்படுவது ‘பாத்திரமாற்றம்’ என்னும் துணைவிதி. பையின் ஒரு மூலை கத்தரிக்கப்படுகிறது. மாவு எவர்சில்வர் தூக்குக்குள் பிதுக்கப்படுகிறது. பையின் மடிப்பில் ஒட்டியது இரண்டு விரலால் வழிக்கப்படுகிறது. கொஞ்சம் தண்ணீர் விட்டு அலசியதும் உள்ளே போகிறது. ஒரு சிட்டிகை உப்பும் கரண்டியின் ஒரு சுற்றும் சேர்ந்ததும் சடங்கு நிறைவுறுகிறது. தூக்கு, குளிர்பதனப் பெட்டியின் நடுத்தட்டில் எல்லோர் கண்ணிலும் படும்படி அமர்கிறது. பையிலேயே ரப்பர் பேண்டு சுற்றி வைத்த மாவு வீட்டார் தின்பதற்கு மட்டுமே என்பது கவனிக்கத்தக்கது. வெற்றுப் பையின் கதியோ அகழாய்வாளர் கைக்குரியது. கீழடியில் குழிக்குக் குழி மண்ணடுக்கை எண்ணுவோர் குப்பைக் கூடையையும் அவ்வாறே அணுக வேண்டும். மேலடுக்கில் பை கிடந்தால் அன்று விருந்தினர் வரவில்லை. கீரைத்தண்டுக்கும் தேங்காய் நாருக்கும் அடியில், நாலாக மடித்து, காபித்தூள் சக்கையால் மூடப்பட்டுக் கிடந்தால் சம்பந்தி வந்திருக்கிறார் என்பது உறுதி (காண்க: குப்பைக் கூடை, மூன்றாம் படிவு, செவ்வாய்க்கிழமை அடுக்கு). ‘எங்கள் வீட்டில் கடைமாவு நுழைந்ததே இல்லை’ என்பது இதற்கு எதிரான சான்று (மாமியார் வாய்மொழி, தொலைபேசிப் பதிப்பு). ஆனால் இதே அழைப்பில், ஒலிபெருக்கி போட்டிருப்பது தெரியாமல் நாத்தனார் பின்னணியில் அருளிய மறுப்புரை மூலத்தைவிட நம்பகமானது. பிற்காலத்தார் அதை இடைச்செருகல் என்று ஒதுக்குவது குடும்ப அரசியல்.

இவ்வளவும் பொய்யை நியாயப்படுத்தும் வேலை அல்லவா என்று கண்டிப்பான ஆய்வாளர் கேட்கலாம். கேட்பவர் தம் நூலின் அடிக்குறிப்புகளை ஒருமுறை புரட்டட்டும். பிறர் அரைத்துப் பையிலடைத்த கருத்தைத் தம் தூக்கில் ஊற்றி, ‘என்க’ என்று ஒரு சிட்டிகை உப்பிட்டு, நெறியாளர் வருமுன் பையை அடியில் புதைத்த பக்கங்கள் அகப்படும். அடுக்களைக்காரர் அதைவிட நேர்மையானவர். அவர் மாவுக்காவது காசு கொடுத்திருக்கிறார். மேலும் ஒரு வேளைக்கு மாவு வாங்கியவர் மிச்சமான நேரத்தில் சட்னி அரைக்கிறார், வெங்காய சாம்பார் கொதிக்கவைக்கிறார். கடைச்சரக்கு சமையலை ஒழிக்கவில்லை, எதில் கை வைப்பது என்று தேர்ந்துகொள்ளும் உரிமையைத்தான் கொடுத்திருக்கிறது. ரவா இட்லியே இரண்டாம் உலகப்போர்க்கால அரிசித் தட்டுப்பாட்டில் தங்கள் கடையில் பிறந்தது என்று பெங்களூரு எம்.டி.ஆர். உணவகத்தார் சொல்கிறார்கள். அந்த மாற்றுச்சரக்கு இன்று பொட்டலத்தில் பாரம்பரியம் என்ற பெயரோடு விற்கிறது.

எஞ்சியிருப்பது 1983-இல் இந்தியாவுக்கு வந்த மேகி நூடுல்ஸ். இரண்டு நிமிடத்தில் வெந்நீரில் கொதித்ததை வீட்டுச் சமையலில் சேர்க்க இயலாது. ஆனால் கடுகு, உளுத்தம்பருப்பு, பச்சை மிளகாய், நறுக்கிய வெங்காயம் தாளித்து, பொட்டலத்து மசாலாவைப் பாதி மட்டும் தூவி, மீதிக்கு மஞ்சள்தூளும் சாம்பார்ப்பொடியும் போட்டு இறக்கினால், அதைச் சேமியா உப்புமாவின் கிளைச்சாதியாக வகைப்படுத்துகிறேன். மறுக்க விரும்புவோர் தங்கள் வாணலியில் கடுகு வெடித்ததா இல்லையா என்பதை முதலில் எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும்.