கறிவேப்பிலைக்கு வீட்டுக்காவல்

கேள்வி: டொரண்டோ குளிரில் கறிவேப்பிலைச் செடியைக் காப்பாற்ற முடியுமா? – வாசகர், ஸ்காபரோ

பதில்: முடியும், வீட்டுக்காரர் சும்மா இருந்தால்!

எலுமிச்சைக் குடும்பத்துச் செடி அது, உறைபனி ஆகாது. அதனால் அங்குள்ள தமிழர்கள் இலையுதிர்காலத்திலேயே தொட்டியோடு உள்ளே தூக்கிவிடுகிறார்கள். டிசம்பரில் பகல் சுமார் 9 மணி நேரம்தான். வெளிச்சம் குறைந்ததும் செடி இலையைக் கொட்டிவிட்டு உறங்கப் போகிறது. வீட்டார் பதறிப்போய் தினமும் தண்ணீர் ஊற்ற, வேர் அழுகுகிறது. பாசமே எமன்!

தெற்கு பார்த்த ஜன்னல், மேல்மண் காய்ந்த பிறகே தண்ணீர், வசதியிருந்தால் ஒரு எல்.ஈ.டி. விளக்கு. இவ்வளவு போதும். செதில்பூச்சி வந்தால் சோப்புத் தண்ணீரில் துடைத்துவிடலாம்.

செடி மறுபடி துளிர்க்கும்வரை சட்னிக்கு? கடையில் வாங்கிய புதினாத் தண்டை ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டால், பத்து நாளில் வேர்விடும். அதற்குக் கோபித்துக்கொள்ளத் தெரியாது.