ஒரு உதை போதும், மேலாளர் அவர்களே

பெறுநர்:
இழப்பீட்டுப் பிரிவு மேலாளர் அவர்கள்,
ஒரு காப்பீட்டு நிறுவனம், லண்டன்.

பொருள்: தோட்டத்து ஷெட்டில் இருந்த சைக்கிள்கள் களவு போனது, தாங்கள் கைவிரித்தது.

ஐயா,

தங்கள் கடிதம் கிடைத்தது. வலிந்து உள்ளே புகுந்ததற்குத் தடயம் இல்லை, ஆகவே இழப்பீடு இல்லை என்கிறீர்கள். உண்மைதான். வந்தவர் மரியாதை தெரிந்தவர். பூட்டைத் தொடவே இல்லை. கீலை மரத்தோடு பிடித்திருந்த திருகாணிகளை வெளியே நின்றபடி திருப்புளியால் கழற்றி, கதவை ஒரு கீறலும் படாமல் வேலியில் சாய்த்துவைத்து, திருகாணிகளைப் பூந்தொட்டியில் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். கூலி கொடுத்து அழைத்தாலும் இவ்வளவு சுத்தமாக வேலை செய்யும் ஆள் இந்த ஊரில் கிடைப்பதில்லை. போகிற போக்கில் ஒரு உதை விட்டிருந்தால் எனக்குப் பணம் வந்திருக்கும்.

கதவில் தொங்கியது தாங்கள் கேட்ட ‘சோல்ட் செக்யூர்’ சான்று பெற்ற பூட்டுத்தான். வெண்கலம், வெள்ளி, தங்கம், வைரம் என்று பூட்டுக்குத் தரம் பிரித்திருக்கிறார்கள். பெண் கல்யாணத்துக்கு நகை எடுக்கிற அதே கவலையோடு போய்த் தங்கமாகவே வாங்கினேன். பூட்டைத் தாங்கும் கதவு என்ன தரம் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. சுண்டுவிரல் தடிமன்கூட இல்லாத பலகை அது.

சைக்கிள்களை அசையாப் பொருளோடு பிணைத்திருக்க வேண்டாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். புல்தரையில் கட்டைகள்மேல் உட்கார்ந்திருக்கும் அந்த ஷெட்டே காற்றடித்தால் அசைகிறது. கான்கிரீட் தளம் போட்டு இரும்பு வளையம் பதித்தால்தான் அசையாப் பொருள் உண்டாகும். அந்தச் செலவுக்கு இன்னொரு சைக்கிள் வாங்கலாம். ஆகவே என் சைக்கிளையும் மனைவியின் சைக்கிளையும் ஒன்றோடொன்று பூட்டிவைத்தோம். வந்தவருக்குத் தம்பதியைப் பிரிக்க மனம் வரவில்லை. சேர்த்தே தூக்கிப் போய்விட்டார்.

கீலுக்குத் திருகாணிக்குப் பதிலாக, வழுவழுப்பான உருண்டைத் தலை போல்ட்டை வெளியிலிருந்து செருகி, உள்பக்கம் நட்டு போட்டு முறுக்கியிருந்தால் திருப்புளிக்கு அங்கே வேலையே இல்லை. சில்லறைக் காசு விஷயம். தங்கள் பாலிசிப் புத்தகத்தில் அணுவுலை விபத்து, அந்நியப் படையெடுப்பு எல்லாவற்றுக்கும் இடம் இருக்கிறது, இந்த போல்ட்டுக்கு இல்லை.

ஒரு சந்தேகம். 2004இல் அமெரிக்காவில் பால்பாயின்ட் பேனாவின் பிளாஸ்டிக் உடலைச் சாவித்துவாரத்தில் திணித்து ‘கிரிப்டோனைட்’ பூட்டைத் திறந்து காட்டினார்கள். அந்த நிறுவனம் பூட்டுகளை மாற்றிக் கொடுக்க நேர்ந்தது. பேனாவால் திறப்பது தங்கள் கணக்கில் வன்முறையில் சேருமா? மண்வெட்டி, கடப்பாரை, ஏணி எல்லாம் எங்கள் ஷெட்டிலேயே இருந்தன. அவற்றை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக் கதவை வந்தவர் உடைத்திருந்தால், பக்கத்து வீட்டாருக்கு மட்டும் தாங்கள் பணம் கொடுத்திருப்பீர்கள் அல்லவா?

போலீஸார் தம் கடமையைச் செய்தார்கள். பெடல் அச்சுக்கு அடியில் பொறித்திருந்த ஃபிரேம் எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டு, பதிலுக்கு ஒரு குற்றப்பதிவு எண் தந்தார்கள். எண்ணுக்கு எண் சரியாகிவிட்டது.

என் வேண்டுகோள் இரண்டு. திருடர்களுக்கும் தாங்கள் ஒரு கையேடு அச்சிட வேண்டும்: புறப்படுமுன் ஒரு பலகையையாவது பிளக்கவும், வாடிக்கையாளர் நலன் கருதி. அடுத்தது, களவு நடந்த வீடு என்று சொல்லி இந்த ஆண்டு என் பிரீமியத்தை ஏற்றியிருக்கிறீர்கள். புகுந்ததற்குத் தடயமே இல்லை என்று தாங்களே எழுதிக் கொடுத்திருப்பதால், ஏற்றியதை இறக்கித் தரவும்.

இப்படிக்கு,
வேலைக்கு நடந்து போகும் தங்கள் வாடிக்கையாளர்