பூட்டு சார் புறப்படுகிறார்

எங்கள் தெருவில் மட்டும்தான் இப்படி ஒருவர் என்று நினைத்திருந்தேன். விசாரித்தால் திருமுல்லைவாயிலில் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார். ஊர் சுற்ற ஆசை. வாசற்படி தாண்டினால் வயிற்றைக் கலக்கும். எங்கள் தெருக்காரருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் பூட்டு சார். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறை சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி பேத்தியைப் பார்த்துக்கொள்ள பெங்களூரு போய்விட்டார். ஆகவே போனால் தனியாகத்தான் போக வேண்டும்.

அவர் புறப்படும் அழகைத் தெருவே வேடிக்கை பார்க்கும். சிலிண்டரை மூடுவார், மோட்டார் சுவிட்சை அணைப்பார், பூட்டுவார், இழுத்துப் பார்ப்பார். தெருமுனைப் பிள்ளையார் வரை போவார். திரும்பி வந்து மறுபடி இழுத்துப் பார்ப்பார். மூன்றாவது தடவை பூட்டைப் பிடித்துத் தொங்கியே பார்ப்பார். இத்தனை வருஷம் அது தாக்குப்பிடிக்கிறது என்றால் திண்டுக்கல் பூட்டு என்பதால்தான்.

மகன் ஸ்மார்ட்போன் வாங்கிக் கொடுத்ததும் பிரச்சினை தீர்ந்தது என்று நாங்கள் நினைத்தோம். பூட்டைப் படம் எடுத்துக்கொண்டு கிளம்பினார். வண்டியில் படத்தைப் பார்த்ததும் புதுச் சந்தேகம்: இது இன்றைய பூட்டா, போன வாரத்துப் பூட்டா? அதற்கும் வழி கண்டுபிடித்தார். கடத்தல்காரர்கள் பணயக்கைதியைப் படம் எடுப்பதுபோல, பூட்டுக்குக் கீழே அன்றைய தினத்தந்தியைப் பிடித்துக்கொண்டு எடுக்கிறார். ஒரு கல்யாண வீட்டில் ‘டூர் போட்டோ’ காட்டினார். பூட்டு, ரெகுலேட்டர், மோட்டார் சுவிட்ச், பூட்டு, ஒரு கோபுரம் (கை ஆடியிருந்தது), மறுபடி பூட்டு.

சிரிக்கலாம். ஆனால் மனுஷர் முறையாகத்தான் பழகினார். பயப்படும் இடத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்ப் பழகுங்கள், படபடப்பு ஏறினால் ஓடி வராதீர்கள், அங்கேயே இருந்தால் தானாக இறங்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதைப் பட்டறை பாஷைக்கு மாற்றிக்கொண்டார். “ஒரே கட்டுல அஞ்சு எம்எம் எடுத்தா டூல் உடைஞ்சிடும் தம்பி. கால், காலாத்தான் எடுக்கணும்.”

முதல் கட்டு அண்ணனூர். அடுத்த ஸ்டேஷன். நடந்தே போய்விடலாம். ஐந்து ரூபாய் டிக்கெட் எடுத்துப் போய், பிளாட்பார பெஞ்சில் இருபது நிமிஷம் உட்கார்ந்துவிட்டு வந்தார். “அங்க காத்தே வேற மாதிரி இருக்கு” என்று இரண்டு நாள் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு ஆவடி, திருநின்றவூர், திருவள்ளூர் என்று கால் காலாக நீண்டது. மின்சார ரயிலில் கழிவறை கிடையாதே, அதுதான் பெரிய கவலை. பயண நாளில் காலைக் காபி ரத்து. எந்த ஸ்டேஷனில் கழிப்பறை எந்தப் பக்கம், எந்த நேரம் பூட்டியிருக்கும் என்று ரயில்வேக்கே அவர் சொல்லிக் கொடுக்கலாம்.

கிளம்பும் முன் எங்கள் ஊர் மாசிலாமணீஸ்வரர் கோயிலுக்குப் போவார். அங்கே நந்தி சுவாமியைப் பார்க்காது. வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்கும். தொண்டைமான் மன்னனுக்குத் துணையாகக் குறும்பரோடு சண்டைக்குப் போகச் சுவாமி அனுப்பிய கோலம் என்பது தலபுராணம். குறும்பர் கோட்டையிலிருந்து வந்ததாகச் சொல்லும் எருக்கந்தூண்கள் இரண்டும் சன்னதி முன்னே நிற்கின்றன. தூண்கூட ஊர் விட்டு ஊர் வந்துவிட்டது. நந்தி மட்டும் எத்தனையோ நூற்றாண்டாக இதோ கிளம்புகிறேன், இதோ கிளம்புகிறேன் என்று உட்கார்ந்திருக்கிறது. பூட்டு சாருக்கு அதன் மேல் தனிப் பாசம் இருப்பதில் ஆச்சரியமில்லை.

சுந்தரர் கதையும் அங்கே கேட்டதுதான். மனைவி சங்கிலியாருக்குக் கொடுத்த வாக்கை மீறித் திருவொற்றியூர் எல்லையைத் தாண்டியதும் கண் போய், அந்த நிலையில் இங்கே வந்து பாடினார். அடுத்து திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல் கிடைத்தது. அந்தப் பழைய கோயில் இப்போது பூண்டி ஏரிக்குள்; சுவாமியைக் கரைக்குக் கொண்டுவந்து வேறு கோயில் கட்டினார்கள். அங்கிருந்து திருவாலங்காடு. காஞ்சிபுரத்தில் இடக்கண் திரும்பக் கிடைத்தது, திருவாரூரில் வலக்கண்.

“கண்ணு தெரியாதவரே போயிருக்கார். எனக்குக் கண்ணாடி போட்டா நல்லாவே தெரியுதே” என்று ஒருநாள் திருவாலங்காட்டுக்குக் கிளம்பினார். ஊன்றுகோலுக்குப் பதில் மரப்பிடி வைத்த குடை. பையில் இஞ்சி மொரப்பா, ஓஆர்எஸ் பாக்கெட், எலுமிச்சம்பழம். சட்டைப் பையில் நாலு போன் நம்பர் எழுதிய சீட்டு. அதில் முதல் நம்பர் என்னுடையது. மாற்றுச் சாவியும் என்னிடம்தான்.

பத்தரை மணிக்கு போன். “தம்பி, கடம்பத்தூர். மார் அடிச்சுக்குது.”

“இறங்கிடறீங்களா சார்?”

“சும்மா இரு. அடிக்கட்டும்.”

வைத்துவிட்டார். எனக்குத்தான் அதன் பிறகு ஒன்றும் ஓடவில்லை. பன்னிரண்டு மணிக்கு மறுபடி போன் வந்தது. வண்டியில் ஒரு அம்மா உப்பும் மிளகாய்த்தூளும் தூவிக் கொய்யா கொடுத்தாளாம், ஜன்னலோரமாம், கொய்யா தீர்ந்தபோது படபடப்பையும் காணோமாம். காரைக்கால் அம்மையார் கால் படக்கூடாதென்று தலையால் நடந்து புகுந்த ஊர் அது. “அந்தம்மா தலையால வந்தாங்க. நான் ஷேர் ஆட்டோல வந்தேன். இதுக்கா இத்தனை அலட்டல்?” என்றார். குரலில் காசிக்குப் போய் வந்தவரின் தோரணை. ரத்தினசபையில் நின்றபோது அரை மணி நேரம் பூட்டு ஞாபகமே வரவில்லையாம். வரவில்லையே என்று பிறகுதான் பயந்தாராம்.

ஐந்து மணிக்கு வர வேண்டியவர் ஆறரை வரை வரவில்லை. போனும் எடுக்கவில்லை. நான் அவர் வீட்டுக்கு இரண்டு தடவை நடந்தேன். எதற்கென்று தெரியவில்லை, பூட்டை இழுத்தும் பார்த்தேன்.

ஏழு மணிக்கு ஆட்டோவில் வந்து இறங்கினார். தெரியாமல் ஃபாஸ்ட் லோக்கலில் ஏறிவிட்டாராம். வண்டி திருமுல்லைவாயிலில் நிற்காமல் போய்விட்டது. சொந்த ஊர் ஜன்னலுக்கு வெளியே ஓடுவதைப் பார்த்தபடி அம்பத்தூரில் போய் இறங்கியிருக்கிறார். இத்தனை வருஷமாக அவர் பயந்துகொண்டிருந்ததே இதற்குத்தான்.

“என்ன சார் பண்ணீங்க?”

“பஜ்ஜி சாப்பிட்டேன். ரெண்டு செட்டு.”

கதவைத் திறந்து விளக்கைப் போட்டதும் அடுத்த திட்டம் வந்துவிட்டது. காஞ்சிபுரம். பூந்தமல்லி போய் பஸ் பிடித்தால் சாயங்காலத்துக்குள் திரும்பிவிடலாம்.

“அதுக்கப்புறம் திருவாரூர் பாக்கி இருக்கே சார். வலக்கண்ணு?”

பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார்.

“ராத்திரி வண்டி இல்ல அது? வேணாம் தம்பி. ஒரு கண்ணு போதும்.”