கல்லுக்குப் பொறுப்பான துறைக்கு

பெறுநர்: கற்களுக்குப் பொறுப்பான அலுவலர் (துறையின் பெயரைத் துறையே நிரப்பிக்கொள்ளவும்).

பொருள்: கனகம்மாசத்திரத்தில் கைமாறிய பழைய தீட்டுக்கல் – உள்விரிசல் – தொடர்பாக.

தீட்டுக்கல் என்பது எஃகைத் தேய்க்கும் அளவுக்குக் கடினமான நுண்துகள்கள் செறிந்த பாறைத் துண்டு. அமெரிக்காவின் ஆர்க்கன்சா கல்லில் இந்த வேலையைக் குவார்ட்சும், பெல்ஜியத்தின் ஆர்டென் மலைக் கல்லில் கார்னெட்டும் செய்கின்றன. இரண்டையும் விடக் கடினமானது குருந்தம். ஆங்கிலத்தின் ‘கொரண்டம்’ இந்தச் சொல்லிலிருந்து போனதுதான். பெயரை ஏற்றுமதி செய்ததற்கு யாரும் தீர்வை கட்டவில்லை. ஆலைக் கல்லுக்கு நைசு நம்பர் பெட்டியிலேயே அச்சாகியிருக்கும். மலைக்கல்லுக்கு நம்பர் கிடையாது, விற்பவரின் வாய்ச்சொல்தான்.

மடக்குக் கத்தி இருந்தவரை முடிதிருத்துவோர் பெட்டியில் ஒரு கல்லும் ஒரு தோல்வாரும் இருந்தன. மாற்று பிளேடு வந்ததும் கல்லுக்கு வேலை போயிற்று. அப்படி வேலை இழந்த ஒன்று திருப்பதி நெடுஞ்சாலையோரப் பழைய சாமான் கடையில், எண்ணெய்ப் பளபளப்போடு மனுதாரரின் கண்ணில் பட்டது. மனுதாரர் தச்சர். தேவை, உளி தீட்ட ஒரு கல்.

பழைய கல்லில் குறைகள் மூவகை. நடுவில் குழிந்திருந்தால் உளியின் வாய் வளைந்துபோகும். கண்ணாடிமேல் உப்புத்தாளை விரித்துத் தேய்த்தால் சமனாகிவிடும். குறுக்கே கடினமான ரேகை ஓடினால் தீட்டத் தீட்டக் கீறல் விழும், மருந்தில்லை. மூன்றாவது விரிசல். பானை வாங்குவதுபோல் விரல் முட்டியால் தட்டினால் நல்ல கல் கணீரென்னும், விரிந்தது சொத்தென்னும். நனைத்து வைத்தால் மேற்பரப்பு காய்ந்த பிறகும் விரிசலில் மட்டும் ஈரம் கருங்கோடாக நிற்கும். ஆனால் எண்ணெய் குடித்த கல்லில் தண்ணீர் ஒட்டாது, கோடும் தெரியாது. எண்ணெய் பூசியவருக்கு இது தெரிந்திருந்ததா என்பது விசாரணைக்குரியது. மனுதாரர் தட்டவில்லை, தடவிப் பார்த்தார். மழமழவென்று இருந்தது.

1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின்படி, வாங்குபவர் சோதித்துப் பார்த்திருந்தால், அந்தச் சோதனையில் வெளிப்பட்டிருக்க வேண்டிய குறைக்கு விற்றவர் பொறுப்பில்லை. தடவுவது சோதனையா என்பதைச் சட்டம் சொல்லவில்லை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிடலாம். ஆனால் ரசீது என்று மனுதாரர் கையில் இருப்பது கல்லைச் சுற்றிக் கொடுத்த பழைய நாளிதழ்தான்.

எந்த அலுவலகம் என்பதே பெரிய சிக்கல். எல்லைக்கல் நில அளவைத் துறைக்கு. நடுகல் தொல்லியல் துறைக்கு. ஜல்லி கனிம வளத்துக்கு. திருத்தணி மலையின் 365 படிகளும் அறநிலையத் துறைக்கு. எடைக்கல் இரும்பாகவே இருந்தாலும் கல் என்ற பெயரை வைத்துக்கொண்டு 2009-ஆம் ஆண்டு எடையளவுச் சட்டப்படி முத்திரை வாங்கிவிடுகிறது. உண்மையிலேயே கல்லாக இருக்கும் தீட்டுக்கல்லுக்கு முத்திரை குத்த ஆளில்லை. இன்னொரு இடைஞ்சலும் உண்டு. கனகம்மாசத்திரம் அடங்கிய திருத்தணி வட்டாரம் ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது 1960 ஏப்ரல் 1 அன்று. கல் அதற்கும் முந்தைய சரக்கு என்று விற்றவர் சத்தியம் செய்கிறார். அது மெய்யானால் மனுவைச் சித்தூருக்குத் தெலுங்கில் எழுத வேண்டியிருக்கலாம்.

எண்ணெயை எடுப்பதற்காகக் கல் மண்ணெண்ணெயில் ஓரிரவு ஊறியது. காலையில் தூக்கும்போது, அதுவரை யாருக்கும் தெரியாமலிருந்த கோட்டின் வழியே பிளந்தது.

இணைப்பு: கல் – 1 (துண்டுகள் – 2). பெரிய துண்டில் சின்ன உளி தீட்ட முடிகிறது. ஆய்வு முடிந்ததும் திருப்பி அனுப்பவும். அதன்மேல் முத்திரை குத்த வேண்டாம்.